ஈரல் சுருக்கத்துக்கு சிங்க் குளிசை கொடுக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு ஈரல் சுருக்கம். இரவில் நித்திரை இல்லை, பகலில் தூங்கி வழிகிறார், பேச்சும் தடுமாறுகிறது. பாமசியில் சிங்க் குளிசை வாங்கிக் கொடுக்கலாமா, டொக்டர்?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: முதலில் கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். கை பட்டென்று விழுந்து விழுந்து எழுந்தால், ஈரல் அகற்றாமல் இரத்தத்தில் சேரும் அம்மோனியா என்ற கழிவு மூளையைப் பாதிப்பதாகச் சந்தேகிக்க வேண்டும். விழாவிட்டாலும் பேச்சுத் தடுமாற்றமே போதும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அம்மோனியாவைச் சிறுநீரில் வெளியேறும் யூரியாவாக மாற்ற ஈரலுக்கு சிங்க் வேண்டும். இந்த நோயிலும், நீர் போகக் கொடுக்கும் குளிசைகளாலும் உடம்பில் சிங்க் குறையும். ஆனாலும் சிங்க் துணை மருந்துதான். பிரதான மருந்து லக்டுலோஸ் பாணி. நாளுக்கு 2, 3 தடவை மலம் இளக்கமாகப் போகும்படி அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். மலச்சிக்கல் வந்தால் குழப்பம் திரும்பிவிடும்.

குறைபாடு இருந்தால் டொக்டரே சிங்க் எழுதுவார். 220 மில்லிகிராம் சிங்க் சல்பேட்டில் சிங்க் 50 மில்லிகிராம்தான். பெட்டியில் போட்டிருப்பது இந்த இரண்டில் எந்தக் கணக்கு என்று பாருங்கள். வெறும் வயிற்றில் குமட்டும், சாப்பாட்டோடு கொடுங்கள். மாதக்கணக்கில் அளவு மீறினால் உடம்பில் செம்பு குறைந்து இரத்தசோகையும் கால் மரப்பும் வரும்.

மீன், பருப்பை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் தசை கரையும், தசை கரைந்தால் அம்மோனியா கூடும். மட்டி, சிப்பி மட்டும் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ வேண்டவே வேண்டாம். அதிலுள்ள கடல் கிருமி ஈரல் நோயாளியின் உயிருக்கே ஆபத்து.