உயிர் எப்படிக் கட்டுண்டது? மும்மலம் குறித்த கேள்வி பதில்

உயிரைக் கட்டும் அழுக்குகளான ஆணவம், கன்மம் (வினை), மாயை ஆகிய மும்மலங்களைப் பற்றி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு மெய்கண்டாரின் சைவ சித்தாந்த மரபில் நின்று விடை எழுதுகிறேன். சோதிடம், பரிகாரம், யோகப் பயிற்சி ஆகியவை என் துறை அல்ல.

கேள்வி (மதுரை): ஐயா, உயிர் எங்கும் நிறைந்த வியாபகப் பொருள் என்று நூல்கள் கூறுகின்றன. அப்படியானால் அது இந்த ஆறடி உடலுக்குள் சுருங்கியது எப்படி?

பதில்: உடல் சுருக்கியது என்று நீங்கள் எண்ணுவது கேள்வியிலேயே தெரிகிறது. உடல் வருவதற்கு முன்பே உயிர் சுருங்கித்தான் கிடந்தது. வியாபகமான அறிவு, இச்சை, செயல் ஆகிய மூன்று ஆற்றல்களும் உயிருக்கு இயல்பாகவே உண்டு; அம்மூன்றையும் ஒன்றுவிடாமல் மறைத்து, எங்கும் நிறைந்ததை அணுவைப்போல ஆக்கி வைத்திருப்பது ஆணவ மலம். அந்த நிலைக்குக் கேவலம் என்று பெயர். கேவலத்தில் உயிருக்கு உடல் இல்லை, பொறி, மனம் முதலிய கருவிகள் இல்லை, இன்பமும் துன்பமும் இல்லை. தான் ஒன்று இருக்கிறோம் என்னும் உணர்வுகூட இல்லை.

சித்தாந்த ஆசிரியரான உமாபதி சிவம் திருவருட்பயன் என்னும் நூலில் இதனை ஒரு குறளில் அடக்குகிறார்: 'ஒருபொருளும் காட்டாது இருளுருவம் காட்டும் இருபொருளும் காட்டாது இது.' இரவின் இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் 'நான் இருள்' என்று தன்னையாவது காட்டிவிடும். ஆணவமோ பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தனக்கு ஆணவம் இருப்பது உயிருக்குத் தெரியாமல் இருப்பதுதான் ஆணவத்தின் முழு வெற்றி. ஆகவே செருக்கு, தலைக்கனம் என்று உலக வழக்கில் நாம் பேசுவதெல்லாம் மலம் ஓரளவு விலகி, உயிர் கொஞ்சம் விழித்துக்கொண்ட பிறகு நடக்கும் கூத்து.

கேள்வி (கோயம்புத்தூர்): மாயைதானே நம்மை மயக்கிக் கட்டிப்போடுகிறது? அதிலிருந்து தப்பிக்க வழி கூறுங்கள்.

பதில்: மாயையைத் திட்டாதீர்கள். வேதாந்த மேடைகளில் கேட்ட மாயையைச் சித்தாந்தத்துக்குள் கொண்டுவந்தால் எல்லாம் தலைகீழாகும். நமக்கு மாயை பொய்த்தோற்றம் அல்ல. உடல், கருவி, உலகம், நுகர்ச்சி ஆகிய நான்கும் தோன்றுவதற்கு மூலமான உள்பொருள். விடியும் வரை உதவும் விளக்கு என்று உமாபதி சிவம் அதைச் சொல்கிறார். விளக்கு முழு வெளிச்சம் தராதுதான், தவறான இடத்தில் கண்ணை நிறுத்தவும் செய்யும். அதனால் அதுவும் மலமே. ஆனால் இருளை உண்டாக்கியது விளக்கு அன்று.

கேள்வி (பெங்களூரு): நான் காஷ்மீர சைவம் படிப்பவன். அங்கே கலை, வித்தை, அராகம், காலம், நியதி ஆகிய ஐந்து கஞ்சுகங்களே (உயிரைப் போர்த்தும் சட்டைகள்) உயிரைச் சுருக்குகின்றன. உங்கள் முப்பத்தாறு தத்துவங்களிலும் (அடிப்படைக் கூறுகள்) இதே ஐந்தும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இன்று வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. பெயர்கள் ஒன்று, அவை இழுக்கும் திசை நேர் எதிர்.

அபிநவகுப்தர், அவருடைய மாணவர் க்ஷேமராஜர் ஆகியோரின் நெறியில், எல்லாம் செய்ய வல்ல சிவனே தன் விருப்பத்தால் தன்னைக் குறைத்துக்கொண்டு உயிராகிறான். எல்லாம் செய்யும் ஆற்றல் சிலவற்றைச் செய்யும் ஆற்றலாகக் குறைவது கலை. எல்லாம் அறிவது சிலவற்றை அறிவதாகக் குறைவது வித்தை. நிறைவு ஆசையாகக் குறைவது அராகம். காலமும் நியதியும் இவ்வாறே. அங்கே கஞ்சுகம் என்பது மேலிருந்து கீழே இறங்கும் படி.

மெய்கண்டார் மரபில் உயிர் சிவன் அன்று. அநாதியாகவே, அதாவது தொடக்கம் இல்லாமலே, வேறு பொருள். அநாதியாகவே மலத்தால் மூடப்பட்டது. ஒன்றுமே செய்ய முடியாமல் கிடந்த உயிரிடத்தில் ஆணவத்தைச் சற்றே விலக்கி, 'ஏதோ சிறிது செய்யலாம்' என்ற அளவுக்குச் செயலாற்றலை எழுப்புவது கலை. அறிவைச் சிறிது எழுப்புவது வித்தை. விருப்பத்தை எழுப்புவது அராகம். அவனவன் வினைப்பயனை அவனவனே நுகருமாறு நிறுத்துவது நியதி. அந்த நுகர்ச்சிக்கு எல்லை வகுப்பது காலம். இங்கே கஞ்சுகம் கீழிருந்து மேலே ஏறும் படி. 'சிறிது' என்ற சொல்லை அவர்கள் இழப்பாகப் படிக்கிறார்கள், நாம் பேறாகப் படிக்கிறோம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் இரு பக்கத்து நூல்களையும் கலந்து படிப்பவர்கள் இரண்டையும் இழப்பார்கள். எந்த மரபின் நூல் கையில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி (திருநெல்வேலி): தொழிலில் தொடர்ந்து நட்டம். முன்வினையா? எந்தத் தலத்துக்குப் போகலாம்?

பதில்: வழிபட விரும்பும் தலத்துக்குச் செல்லுங்கள், நட்டத்தின் காரணத்தைக் கணக்கரிடம் கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு): வினை முதலா, உடல் முதலா?

பதில்: வினையும் உடலும் மாறிமாறித் தொடர்பவை; அந்தத் தொடர்ச்சிக்குத்தான் தொடக்கம் இல்லை, ஒவ்வொரு வினைக்கும் தொடக்கமும் முடிவும் உண்டு. ஆணவமோ ஒரே பொருளாக அநாதியில் இருந்தே உயிரோடு நிற்பது.

கேள்வி (திருச்சி, வேதியியல் ஆசிரியர்): செம்பில் களிம்பு போல மலம் அநாதி என்று எழுதுகிறார்கள். செம்பில் பச்சை படிவது காற்றும் ஈரமும் படுவதால். அதற்குத் தொடக்கம் உண்டு. உவமையே தவறு அல்லவா?

பதில்: வேதியியல் சரி, ஆனால் உவமை தொடும் இடம் வேறு. பூசையறைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தால் அன்று தகதகவென்று மின்னும், நான்கு நாளில் மீண்டும் மங்கும். தேய்த்தவர் மேற்பரப்பைத்தான் மாற்றினார். களிம்பு ஏறும் தன்மை செம்போடேயே இருக்கிறது. குளிகை என்னும் இரசவாத மருந்து பட்டுச் செம்பு பொன்னானால் பிறகு களிம்பு ஏறாது என்று பழைய இரசவாதிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே நூலோர், நம் முயற்சியைப் புளியின் இடத்திலும் திருவருளைக் குளிகையின் இடத்திலும் நிறுத்தினர்.

கேள்வி (அதே ஆசிரியர்): இரசவாதம் பொய் என்றால் உவமை மீண்டும் விழுகிறதே?

பதில்: விழட்டும். சிவஞான போதத்தில் செம்பின் களிம்பைச் சொல்லும் அதே வெண்பாவில் மெய்கண்டார் நெல்லுக்கு உமியையும் சொல்லியிருக்கிறார், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். செம்பைப் பற்றி மேலும் ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே விடை.

கேள்வி (பெங்களூரு, மறுபடியும்): மலம் இறைவனுக்கு வேறாக அநாதியில் இருந்தால், இறைவனின் முழுமுதன்மை குறைகிறதே? சிவனே தன்னை மறைத்துக்கொண்டான் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

பதில்: உங்கள் வழியில் அதைவிடப் பெரிய சிக்கல் வருகிறது. குறையே இல்லாத சிவன் அறியாமையையும் நோயையும் விளையாட்டாக மேற்கொண்டான் என்றால், இப்போது துன்புறுவது யார்? விடுபட்டபின் அவன் மறுபடி விளையாடத் தொடங்கமாட்டான் என்பதற்கு என்ன உறுதி? எங்கள் வழியில் இறைவன் கட்டியவன் அல்லன், அவிழ்ப்பவன் மட்டுமே. கட்டிய பழி அவனுக்கு இல்லை என்று காக்க வேண்டியே ஆணவத்தை அநாதி என்றார்கள். முதன்மை என்பதற்கு மற்றப் பொருளே இருக்கக்கூடாது என்பது பொருள் அன்று. மற்றப் பொருள்கள் அவனின்றி இயங்காமை போதும்.

இந்த வாதம் புதிதும் அன்று. கன்மமும் மாயையும் போதும், ஆணவம் என்று தனியே ஒரு மலம் வேண்டாம் என்று வாதிட்ட ஐக்கியவாதிகளை உமாபதி சிவம் சங்கற்ப நிராகரணத்தில் மறுத்திருக்கிறார். அந்நூலே தன் காலத்தைச் சக ஆண்டு 1235 என்று குறிக்கிறது, கி.பி. 1313. ஆணவம் இல்லையென்றால், தூய உயிருக்கு மாயை உடல் எதற்காக வந்தது என்ற கேள்விக்கு விடையே கிடையாது.

கேள்வி (சேலம்): முதலில் உயிரைக் கட்டியது யார்?

கேள்வி (கொழும்பு): ஆணவம் எப்போது வந்து ஒட்டியது?

பதில்: இருவரும் மேலே உள்ளதைப் படித்துவிட்டு எழுதியிருக்கலாம். யாரும் கட்டவில்லை, எப்போதும் வந்து ஒட்டவில்லை.

கேள்வி (புதுச்சேரி): கேவலத்தில் துன்பம் இல்லை என்றீர்கள். அப்படியே விட்டிருக்கலாமே? உடல் கொடுத்துப் பிறவியில் தள்ளியது எப்படி அருளாகும்?

பதில்: கூர்மையான கேள்வி. துன்பம் இல்லாமை வேறு, இன்பம் வேறு. தினமும் நீங்கள் இதைச் சிறிய அளவில் கடந்து வருகிறீர்கள். நனவில் நெற்றியில் முப்பத்தைந்து கருவிகளோடு இருக்கும் உயிர், கனவில் கண்டத்தில் இருபத்தைந்தோடும், உறக்கத்தில் இதயத்தில் மூன்றோடும், பேருறக்கத்தில் உந்தியில் இரண்டோடும், உயிர்ப்படங்கலில் மூலாதாரத்தில் ஒன்றோடும் நிற்பதாக நூல்கள் கணக்குச் சொல்கின்றன. கருவிகள் கழலக் கழல அறிவு மங்குகிறது. காலையில் அவை வந்து பொருந்தப் பொருந்த, முதலில் 'நான்', பிறகு இடம், பிறகு நேற்றைய கடன் என்று ஒவ்வொன்றாக நினைவு திரும்புகிறது. கடன் நினைவுக்கு வருகிறது என்பதற்காக யாரும் எழாமலே கிடக்க விரும்புவதில்லை. உடலைச் சேர்ந்த இந்தச் சகல நிலையில்தான் உயிர் வினையை நுகர்ந்து தீர்க்கவும், மலம் பக்குவப்படவும், முடிவில் இறைவனைச் சார்ந்து சுத்த நிலை அடையவும் வாய்ப்பு உண்டு. உயிர் எதைச் சார்கிறதோ அதன் வண்ணமாவது. இருளைச் சார்ந்து இருளாகக் கிடந்ததற்கு வேறொன்றைச் சாரும் வாய்ப்பைக் கொடுப்பது அருளே.

கேள்வி (கும்பகோணம்): ஆணவம் ஒன்றே என்கிறீர்கள். ஓர் உயிர் வீடுபெற்று அது அழிந்தால் எல்லா உயிருக்கும் வீடு கிடைக்க வேண்டுமே?

பதில்: ஆணவம் ஒன்று, அதன் சத்திகள் எண்ணற்றவை. ஒவ்வோர் உயிரையும் மறைக்கும் சத்தி அதனதன் காலத்தில் அடங்கும். அடங்குமே தவிர மலம் என்னும் பொருள் அழியாது. முத்தியிலும் மூன்று பொருளும் உண்டு. இன்பத்தை நுகர்வது உயிர், கொடுப்பது இறைவன், விளைவிப்பது மலம் என்று உண்மை விளக்கம் என்னும் சித்தாந்த நூல் துணிந்து கூறுகிறது. இதைக் கேட்டு முகம் சுளிக்கும் சித்தாந்திகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை): காணொளி வழியே தீட்சை பெறலாமா?

பதில்: உங்கள் குருவைக் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): புதிதாகப் படிப்பவன் எங்கே தொடங்கலாம்?

பதில்: பன்னிரண்டு சூத்திரம்தானே என்று சிவஞான போதத்தை நேராகத் திறக்காதீர்கள். திருவருட்பயன் நூறே குறள். அதன் மூன்றாம் அதிகாரமான இருண்மல நிலையில் ஆணவத்தைப் பற்றிய பத்துக் குறளையும் உரையோடு படியுங்கள். பிறகு உண்மை விளக்கம், அதன்பின் சிவஞான சித்தியாரின் சுபக்கப் பகுதி. சிவஞான போதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய பேருரையான மாபாடியத்தை ஆசிரியர் துணை இல்லாமல் தொடவேண்டாம்.