ஜாக்கி தூக்கும், தாங்காது: வீட்டில் கார் தூக்குவது பற்றிய கேள்வி பதில்

கோவையில் 24 வருடமாகக் கார் வேலை பார்க்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டிலேயே செய்து பார்க்க இப்போது நிறையப் பேர் ஆசைப்படுகிறார்கள். நல்ல விஷயம், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அடியில் போய்ப் படுப்பதற்கு முன்னால், கார் எதன் மேல் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

திருப்பூர், ஸ்விஃப்ட்: அண்ணா, காரோடு கொடுத்த ஜாக்கியிலேயே தூக்கிவிட்டு அடியில் படுத்து ஆயில் மாற்றலாமா? பத்து நிமிட வேலைதானே?

வேண்டாம் தம்பி. அந்தக் கத்தரி ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதன் அடித்தகட்டை எடுத்துப் பாருங்கள், உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதன் மேல் கிட்டத்தட்ட 300 கிலோ உட்காருகிறது. நேர் கீழாக இறங்கும் பாரத்தை அது தாங்கிவிடும். பக்கவாட்டில் ஒரு தள்ளு கிடைத்தால்தான் ஆபத்து. நீங்கள் அடியில் படுத்து, பழைய ஆயிலை வடிக்கும், இறுகிப்போன ட்ரெயின் போல்ட்டை ஸ்பேனர் போட்டு இழுக்கிறீர்கள் அல்லவா, அந்த இழுப்பே போதும். கார் இரண்டு அங்குலம் நகர்ந்தால் ஜாக்கி சாய்ந்துவிடும். பத்து நிமிடமா, ஒரு மணி நேரமா என்பது இதில் கணக்கே இல்லை.

சக்கரம் வைத்த, எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ட்ராலி ஜாக்கி வாங்கினாலும் இதே கதைதான். அதற்குள் எண்ணெய்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்த எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும் சின்ன வால்வும். ஒரு மணல் துகள் வால்வில் மாட்டினால் போதும், கார் கீழே வரும். அதனால் தூக்குவதற்கு ஜாக்கி, தாங்குவதற்கு ஸ்டாண்ட், அதாவது தூக்கிய காருக்கு அடியில் நிறுத்தும் இரும்புத் தாங்கி. இரண்டையும் வாங்குங்கள்.

சேலம், வேகன் ஆர்: ஸ்டாண்ட் வாங்கிவிட்டேன். எந்த வரிசையில் என்ன செய்வது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

சமமான, கெட்டியான இடத்தில் நிறுத்துங்கள். காருக்குள் யாரும் இருக்கக் கூடாது. ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரிலும் போடுங்கள். முன்பக்கம் தூக்குவதென்றால் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். உருண்டைக் கல் வேண்டாம், அது தானும் சேர்ந்து உருளும். ஆப்பு மாதிரி சரிவாக அறுத்த மரக்கட்டை நல்லது. மரப்பட்டறையில் சொன்னால் அறுத்துத் தருவார்கள்.

சக்கரத்தைக் கழற்றும் வேலையாக இருந்தால், சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு ஸ்பேனரில் ஏறி மிதிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கும்போதே வயிற்றைப் பிசையும்.

இப்போது ஜாக்கி எங்கே வைப்பது? கதவுகளுக்குக் கீழே, காரின் ஓரமாக ஒரு தகட்டு மடிப்பு ஓடும். விரலால் தடவிக்கொண்டே போனால் முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் இரண்டு வெட்டுகள் தட்டுப்படும், பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அப்படியே. அந்த இரண்டு வெட்டுகளுக்கு நடுவில்தான் தகடு உள்ளே பலப்படுத்தப்பட்டிருக்கும். அரை அடி தள்ளி வைத்தால் தகடு மடங்கிவிடும். இன்ஜின் ஆயில் நிற்கும் சம்ப்பின் அடியிலோ வெறும் தரைத்தகட்டின் அடியிலோ ஜாக்கி வைக்கவே கூடாது. ட்ராலி ஜாக்கிக்கு நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டை கிடைக்கிறது. மடிப்பு அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்காரும். ஜாக்கி ஓரத்து வெட்டில் இருந்தால் அதே இடத்தில் ஸ்டாண்டையும் வைக்க முடியாது, இல்லையா? அதற்காகத்தான் கார் கையேட்டில் முன்பக்கம் நடுவிலும் ஒரு தூக்கும் இடம் காட்டியிருப்பார்கள். அங்கே தூக்கி, இரு ஓரங்களிலும் ஸ்டாண்ட் வையுங்கள். கையேட்டில் காட்டாத இடத்தை ஊகித்துத் தூக்காதீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போகாது, வளைந்து போகும். அதனால் கார் ஏற ஏற ஜாக்கி தன் சக்கரங்களில் கொஞ்சம் நகர்ந்தாக வேண்டும். அதன் சக்கரம் ஒரு ஜல்லியில் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகராது, காரைத்தான் இழுக்கும். தூக்கும் முன் தரையைக் கூட்டிவிடுங்கள்.

ஸ்டாண்டுகளை இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வைத்து, மெதுவாக இறக்குங்கள். நான்கு கால்களும் தரையில் படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு, காரின் பக்கவாட்டில் உள்ளங்கை வைத்து நன்றாக ஆட்டுங்கள். ஆடி விழுவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஆட்டியும் அசையவில்லை என்றால், ஜாக்கியை லேசாகத் தொட்டபடி பக்கத்திலேயே விட்டுவையுங்கள். கழற்றிய சக்கரத்தை அல்லது ஸ்டெப்னியைக் காரின் ஓரத்துக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எல்லாமே கைவிட்டாலும் கார் அந்தச் சக்கரத்தின் மேல்தான் உட்காரும், அடியில் உங்களுக்கு இடம் மிஞ்சும்.

தஞ்சாவூர், சான்ட்ரோ: ஸ்டாண்டுக்குப் பதிலாக ஹாலோ பிளாக் வைத்தால் என்ன? சுவரையே தாங்குகிறதே?

தயவுசெய்து வைக்காதீர்கள். சுவரில் பாரம் முழுப் பரப்பிலும் பரவி இறங்குகிறது. காரில் ஒரு விரல் அகல இரும்பு மடிப்பில் மொத்தப் பாரமும் குத்தி நிற்கிறது. இரும்பு என்றால் வளையும், முனகும், ஒரு எச்சரிக்கை கொடுக்கும். கான்கிரீட்டும் செங்கலும் அப்படி இல்லை, சொல்லாமல் உடையும்.

நான் வேலை பழகிய ஷெட்டில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு அம்பாசடரின் பின்பக்கத்தை இரண்டு ஹாலோ பிளாக் மேல் நிறுத்தி, காலையிலிருந்து வேலை நடந்துகொண்டிருந்தது. அடியில் இருந்தவர் டீ குடிக்க எழுந்து வந்தார். டம்ளரைக் கையில் வாங்கிய நேரம், பின்னால் ஒரு சத்தம். ஒரு கல் உடைந்து மாவாகக் கிடந்தது, கார் அச்சு தரையில் கிடந்தது. அவர் படுத்திருந்த சாக்கு அதற்கடியில் இருந்தது. அன்றைக்கு மதியம் வரை அவர் யாரிடமும் பேசவில்லை.

நாகர்கோவில்: எத்தனை டன் ஸ்டாண்ட் வாங்க வேண்டும்?

ஸ்விஃப்ட் மாதிரி காரே 900 கிலோவை ஒட்டித்தான் இருக்கிறது. 2 டன் ஜோடி தாராளம். இன்னோவா மாதிரி வண்டிக்கு 3 டன் எடுங்கள். லேபிளில் போட்டிருக்கும் எடை ஒன்றுக்கா, ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். எனக்குப் பிடித்தது குறுக்கே இரும்பு ஊசி செருகும் வகை. பல்சக்கர வகை என்றால் பல் முழுதாக மாட்டியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்பர் ஃப்ரைட் நிறுவனம் விற்ற பல்சக்கர ஸ்டாண்டுகள் பாரத்தோடு திடீரென இறங்கக்கூடும் என்று தெரிந்து 2020-ல் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றார்கள். பெரிய கடைச் சரக்குக்கே அந்த நிலை என்றால், பெயரே போடாமல் வெல்டிங் அடித்து விற்பதை என்னவென்று நம்புவது?

மதுரை, ஆல்டோ: வீட்டு போர்டிகோவில் டைல்ஸ் போட்டிருக்கிறது. வாசலில் சாக்கடை மேல் சரிவு. எங்கே தூக்குவது?

சரிவில் தூக்கவே வேண்டாம், பஞ்சர் ஆனாலும் சமதளத்துக்கு உருட்டிக்கொண்டு போங்கள். டயர் போனால் போகட்டும்.

டைல்ஸின் அடியில் சிமெண்ட் சரியாகப் பிடிக்காத வெற்றிடம் இருக்கும். நாணயத்தால் தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் மாறும். அந்த இடத்தில் ஸ்டாண்டின் கால் பட்டால் டைல் உடைந்து ஒரு கால் இறங்கிவிடும். முக்கால் அங்குல ப்ளைவுட் துண்டு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி போட்டு அதன் மேல் வையுங்கள். மண் தரை, பேவர் பிளாக், சித்திரை வெயிலில் இளகிய தார் ரோடு எல்லாவற்றுக்கும் இதேதான்.

சென்னை: என்னுடையது ஆட்டோமேட்டிக். 'பி'-யில், அதாவது பார்க்கிங்கில் போட்டுவிட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளுமே, கட்டை எதற்கு?

முன்சக்கர இழுவைக் காரில் முன் சக்கரம் ஒன்றைத் தூக்கினால் அந்தப் பூட்டு வேலை செய்யாது. 'பி' பூட்டுவது கியர்பாக்ஸை, சக்கரத்தை அல்ல. இடையில், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரென்ஷியல் இருக்கிறது. அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு திசையில் சுழன்றால், தரையில் இருக்கும் சக்கரம் எதிர்த் திசையில் தாராளமாக உருளும். மேனுவல் காரை முதல் கியரில் போட்டாலும் இதே நிலைதான். அப்போது காரைப் பிடித்திருப்பது பின் சக்கரத்து ஹேண்ட் பிரேக் மட்டும். பின்பக்கம் முழுதையும் தூக்கினால் அந்த ஹேண்ட் பிரேக்கும் அந்தரத்தில்தான். அதனால்தான் எப்போதும் கட்டை.

ஈரோடு: என் ட்ராலி ஜாக்கி தூக்கிய பிறகு தானாக இறங்குகிறது. பிரேக் ஆயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள், சீல் ஊறிக் கெட்டுவிடும். ஜாக்கிக்கென்று ஹைட்ராலிக் ஆயில் இருக்கிறது. முதலில் இறக்கும் வால்வு முழுதாக மூடியிருக்கிறதா, எண்ணெய் அளவு சரியா என்று பாருங்கள். அப்புறமும் இறங்கினால் சீல் போய்விட்டது. மாற்றும் வரை அதைத் தொடாதீர்கள்.

வேளச்சேரி: 2023 டிசம்பர் மழையில் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. இப்போது தூக்கலாமா?

முதலில் அந்த மடிப்பை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டாலோ, பெயிண்ட் கொப்பளித்திருந்தாலோ உள்ளே துரு. வெள்ளத்தில் கதவடிப் பெட்டிக்குள் போன சேறு அடித்துளைகளை அடைத்துக்கொண்டு, ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் ஜாக்கி வைத்தால் தகட்டைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். ஒரு நல்ல டிங்கரிடம் காட்டிவிட்டு அப்புறம் தூக்குங்கள்.

நெக்ஸான் இ.வி.க்கு ஏதாவது தனியாக உண்டா?

அது மின்சாரக் கார், அதன் தரைத்தகட்டுக்கு அடியில் கிடப்பது பேட்டரி. கையேட்டில் உள்ள ஓரப் புள்ளிகளைத் தவிர எங்கேயும் ஜாக்கியின் தலை படக் கூடாது.

திண்டுக்கல்: அண்ணா, என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் காருக்கு அடியில் வேலை செய்கிறார். நான் என்ன கவனிக்க வேண்டும்?

நல்ல கேள்வி தங்கச்சி. அடியில் போகும் முன் அவர் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் பேச்சுக் கொடுங்கள். நெஞ்சின் மேல் பாரம் இறங்கினால் மூச்சை இழுக்க முடியாது, மூச்சில்லாமல் கத்தவும் முடியாது. அதனால் 'ஏதாவது ஆனால் சத்தம் போடுவார்' என்று உள்ளே இருந்துவிடாதீர்கள்.

அப்படி ஒன்று நடந்தால் காலைப் பிடித்து இழுக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு 108-க்கு அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஜாக்கியை வைத்து காரை உயர்த்துங்கள். அதற்காகத்தான் அதைப் பக்கத்திலேயே விட்டுவைக்கச் சொன்னேன். கைப்பிடி எங்கே செருக வேண்டும், வால்வை எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை இந்த ஞாயிறே அவரிடம் கேட்டு, நீங்களே ஒரு தரம் காரைத் தூக்கி இறக்கிப் பாருங்கள்.