ரம்மி ஆடிய கையோடு லாஸ் வேகஸ் போகலாமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கிறோம். மாமனாரும் மாமியாரும் விசிட்டர் விசாவில் வந்திருக்கிறார்கள். டிசம்பர் விடுமுறையில் நான்கு நாள் லாஸ் வேகஸ் போகிறோம். 12 வயது மகளும் 8 வயது மகனும் உடன் வருகிறார்கள். மாமாவுக்குச் சீட்டாட்டம் என்றால் உயிர். ஊரில் ரம்மி ஆடாத நாளே இல்லை. கேசினோவில் வீடியோ போக்கர்தான் நியாயமான ஆட்டம் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். என் கணவரும் சேர்ந்து ஆடுவார். எவ்வளவு பணம் போகும்? பிள்ளைகளை என்ன செய்வது? மாமாவுக்குப் பெரிய தொகை விழுந்தால் வரிச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் மாமாவிடம் சொன்னவர் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார். வீடியோ போக்கர் என்பது திரையில் சீட்டுப் போடும் இயந்திரத்தோடு தனியாக ஆடும் ஆட்டம். அது நியாயமாகவும் இருக்கும், படுமோசமாகவும் இருக்கும். எந்த இயந்திரம் எப்படி என்பது உட்காரும் முன்பே அதன் திரையில் எழுதியிருக்கிறது. உங்கள் பயணத்தின் செலவை முடிவு செய்யப்போவது அதிர்ஷ்டத்தைவிட அந்த எழுத்துதான்.

முதலில் பிள்ளைகள். நெவாடா சட்டப்படி 21 வயது நிறையாதவர்கள் ஆடவும் கூடாது, ஆடும் இடத்தில் நின்று வேடிக்கை பார்க்கவும் கூடாது. பெரியவர்களோடு கடந்து போகலாம், அவ்வளவுதான். தாத்தாவின் நாற்காலிக்குப் பின்னால் பேரன் நின்றால் காவலர் வந்து நகரச் சொல்வார். எனவே எப்போதும் பெரியவர் ஒருவர் பிள்ளைகளோடு இருந்தாக வேண்டும். அந்த ஒருவர் நான்கு நாளும் நீங்களோ மாமியாரோ மட்டுமாக இருக்கக் கூடாது, முறை வைத்துக்கொள்ளுங்கள். விடாரா போல கேசினோவே இல்லாத ஓட்டலில் தங்கினால் லிஃப்டுக்குப் போகும்போதெல்லாம் புகை நடுவே நடக்க வேண்டியதில்லை. சர்க்கஸ் சர்க்கஸ் ஓட்டலில் கூரைக்குள்ளேயே ஒரு கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. பெலாஜியோ ஓட்டலின் நீரூற்று ஆட்டத்தைப் பார்க்கக் காசு வேண்டாம்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். நெவாடா விதிப்படி, திரையில் சீட்டைக் காட்டும் இயந்திரம் நிஜமான 52 சீட்டுக் கட்டுக்கு உள்ள அதே வாய்ப்புகளோடுதான் சீட்டுப் போட வேண்டும். படங்கள் சுழலும் ஸ்லாட் இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து கணக்குப் போட முடியாது. இங்கே முடியும். எந்தக் கைக்கு, அதாவது எந்தச் சீட்டுச் சேர்க்கைக்கு, எத்தனை காசு என்ற பட்டியல் திரையிலேயே இருப்பதால், இயந்திரம் நீண்ட கால ஓட்டத்தில் எத்தனை சதவீதம் திருப்பித் தரும் என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம்.

மாமா தொடங்க வேண்டிய ஆட்டம் ‘ஜாக்ஸ் ஆர் பெட்டர்’. ஐந்து சீட்டு வரும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை ஒரே ஒரு முறை மாற்றலாம். குறைந்தது ஒரு ஜோடி ஜாக் இருந்தால் போட்ட காசு திரும்பும். பட்டியலில் பார்க்க வேண்டியவை இரண்டே இரண்டு எண்கள்: ஒரு காசு போட்டால் ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே மதிப்பில் மூன்று, இன்னொரு மதிப்பில் ஒரு ஜோடி) எத்தனை, ஃபிளஷுக்கு (ஐந்தும் ஒரே இனம்) எத்தனை. அது 9, 6 என்று இருந்தால், பிழையில்லாமல் ஆடுபவருக்கு அந்த இயந்திரம் 99.54 சதவீதம் திருப்பித் தரும். 8, 5 என்றால் 97.30. 6, 5 என்றால் 95 சதவீதம்தான். ஃபுல் ஹவுஸ் சராசரியாக 87 கைக்கு ஒரு முறையும் ஃபிளஷ் 91 கைக்கு ஒரு முறையும் வருகின்றன. அதனால் ஒரு காசைக் குறைத்தாலே நூற்றுக்கு ஒன்றுக்கும் மேல் கேசினோவின் பைக்குப் போகிறது. மற்றபடி மூன்று இயந்திரங்களும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரே இயந்திரத்தில் 25 சென்ட்டுக்கு ஒரு பட்டியலும் ஒரு டாலருக்கு வேறு பட்டியலும் இருப்பது சாதாரணம். தொகையை மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு எண்களையும் திரும்பப் பாருங்கள்.

முதல் முறை போனபோது இது எனக்குத் தெரியாது. ஓட்டல் வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்த வரிசையில் உட்கார்ந்து மூன்று இரவும் ஆடினேன். அது 6, 5 இயந்திரம். ஊருக்குத் திரும்பிக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஸ்ட்ரிப் எனப்படும் பிரதான சாலையில் 25 சென்ட்டுக்கு 9, 6 கிடைப்பது அரிது. உள்ளூர்க்காரர்கள் போகும், சற்றுத் தள்ளி இருக்கும் கேசினோக்களில் தேடினால் கிடைக்கும்.

பணக் கணக்கு இது. 25 சென்ட் இயந்திரத்தில் ஒரு கைக்கு ஐந்து காசு போட்டால் 1.25 டாலர். நிதானமாக மணிக்கு 400 கை, இரண்டு மணி நேரத்துக்கு 800 கை என்றால் இயந்திரத்தின் வழியே ஓடும் தொகை 1,000 டாலர். சராசரி இழப்பு 9, 6 இயந்திரத்தில் 4.60 டாலர், 8, 5-இல் 27 டாலர், 6, 5-இல் 50 டாலர்.

நாலரை டாலர்தானே என்று மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த 99.54-இல் ஏறத்தாழ 2 சதவீதம் ராயல் ஃபிளஷில் (ஒரே இனத்தில் 10, ஜாக், ராணி, ராஜா, ஆஸ்) அடங்கியிருக்கிறது. அது சுமார் 40,000 கைக்கு ஒரு முறைதான் வரும். நான்கு நாள் பயணத்தில் அது வராமல் போகவே வாய்ப்பு அதிகம். வராவிட்டால் நல்ல இயந்திரத்திலும் ஒரு மாலைக்கு 24 டாலர் அளவு போகும். ஏற்ற இறக்கத்தைச் சேர்த்தால் ஒரே மாலையில் 100 டாலர் கீழே இறங்குவது வழக்கமான விஷயம். ஆகவே ஆளுக்கு, மாலைக்கு 150 டாலர் தனி உறையில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அன்றைய உறை தீர்ந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது. ஏ.டி.எம். அட்டைகள் அறையிலேயே இருக்கட்டும், கேசினோ ஏ.டி.எம்.மில் கட்டணம் அதிகம், கிரெடிட் கார்டில் எடுத்தால் வட்டி வேறு.

காசை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு காசு மட்டும் போட்டு ஆட வேண்டாம். ராயல் ஃபிளஷுக்கு ஒரு காசு போட்டால் 250 கிடைக்கும். ஐந்து போட்டால் 1,250 அல்ல, 4,000. கை கடித்தால் 5 சென்ட் இயந்திரத்துக்கு மாறி, அங்கே ஐந்து காசு போடுங்கள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம், மாமாவின் ரம்மிக் கை. ரம்மியில் பல சுற்று உண்டு. 5, 6, 8, 9 கையில் இருந்தால் 7-க்காகக் காத்திருப்பது நல்ல ஆட்டம். இங்கே மாற்ற ஒரே வாய்ப்புதான். மீதி 47 சீட்டில் 7 நான்கு மட்டுமே. கணக்குப் போட்டால், அந்த நான்கு சீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட ஐந்தையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவது கொஞ்சம் மேல். நாற்பது வருடம் ரம்மி ஆடியவருக்கு இது கசக்கும். நடுவில் ஓட்டை இல்லாத 5, 6, 7, 8 இருந்தாலும், கூட இன்னொரு 5 வந்து ஜோடியாகியிருந்தால் அந்த ஜோடியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்; போட்ட ஒரு காசுக்குச் சராசரியாகத் திரும்புவது ஜோடிக்கு 0.82 காசு, தொடருக்கு 0.68. ஒரு ஜோடி ராணி வந்து, நான்கு சீட்டு ஆர்ட்டினாகவும் இருந்தால் ஃபிளஷ் ஆசையை விட்டுவிட்டு ராணிகளை வைத்துக்கொள்ளட்டும். ஜோடியோடு ஓர் ஆஸைத் துணைக்கு வைப்பது இன்னொரு பழக்கம். அந்த ஆஸ் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு, மூன்றாவது சீட்டு சேரும் வாய்ப்பைக் குறைக்கிறது.

வரி. மாமா விசிட்டர் விசாவில் வந்தவர் என்பதால் உங்கள் கணவரின் நிலை வேறு, அவருடையது வேறு. இயந்திரத்தில் ஒரே கையில் விழும் தொகை 2025 வரை 1,200 டாலரைத் தொட்டால் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 2026 முதல் அந்த வரம்பு 2,000. அமெரிக்காவில் வரிக்குரிய குடியிருப்பு இல்லாத வெளிநாட்டவருக்கு அங்கேயே 30 சதவீதம் வரி பிடித்துக்கொண்டு, பிடித்ததைக் காட்டும் 1042-எஸ் படிவம் கொடுப்பார்கள். பிரிட்டன், ஜப்பான் போன்ற நாட்டவருக்கு ஒப்பந்தப்படி விலக்கு உண்டு, இந்தியாவுக்கு இல்லை. பிளாக்ஜாக், ரூலெட் மேசையில் வெளிநாட்டவர் ஜெயிப்பதற்கு இந்த வரி கிடையாது, இயந்திரத்துக்கு உண்டு. 25 சென்ட்டில் ராயல் ஃபிளஷ் விழுந்தால் 1,000 டாலர், வரம்புக்குள் அடங்கிவிடும். ஒரு டாலர் இயந்திரம் என்றால் 4,000 டாலரில் 1,200 போய் 2,800 கைக்கு வரும். மாமாவை 25 சென்ட்டிலேயே இருக்கச் சொல்ல இது ஒரு காரணம்.

விழுந்துவிட்டால் உங்கள் கணவர் பெயரில் வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். பொத்தானை அழுத்தியவர்தான் ஜெயித்தவர். கேமரா பார்த்துக்கொண்டிருக்கும், படிவத்தில் கையெழுத்துப் போடுவது சத்தியம் செய்வதற்குச் சமம். விளையாட்டுக்காகக்கூட இன்னொருவர் இயந்திரத்தில் பொத்தானை அழுத்தாதீர்கள். மாமாவின் பாஸ்போர்ட், நகல் அல்ல, அசலே அவர் பையில் இருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு வரம்பைத் தொடும் தொகை விழுந்தால், ஜெயித்ததை வரித்துறைக்குத் தெரிவிக்கும் டபிள்யூ-2ஜி படிவம் வரும். வரி பொதுவாக அங்கே பிடிக்க மாட்டார்கள்; ஆனால் ஜெயித்ததை முழுவதும் வருமானத்தில் காட்ட வேண்டும். தோற்றதை, கழிவுகளைத் தனித்தனியாகக் கணக்குக் காட்டுபவர்கள்தான் கழிக்க முடியும். அதிலும் 2026 முதல் 90 சதவீதம்தான். டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்பது உங்களுக்கு நிம்மதி.

பகல் முழுவதையும் குடும்பத்துக்கு வைத்துவிட்டு ஆட்டத்தை மாலைக்குத் தள்ளுங்கள். ஹூவர் அணை முக்கால் மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது, ரெட் ராக் கேன்யன் அதைவிடப் பக்கம். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட 280 மைல். ஒரே நாளில் போய்த் திரும்ப மாமியாரின் முதுகு ஒத்துழைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. காசில்லாமல் வீடியோ போக்கர் பழகும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. தவறாக ஆடினால் அங்கேயே சுட்டிக்காட்டும் ஒன்றாகப் பார்த்து மடிக்கணினியில் போட்டுக் கொடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தினம் அரை மணி நேரம் மாமாவும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்காரட்டும். 5, 6, 8, 9 வரும்போது மாமா யோசிக்காமல் ஐந்தையும் எறிகிற நாள் வரும். அப்புறம் உறையில் பணத்தைப் போடுங்கள்.