மார்பகமும் மார்புத் தசையும் – கடிதம்

வணக்கம் மேடம்,

சில மாதங்களாக ஜிம்முக்குப் போகிறேன். புஷ்-அப் மாதிரியான பயிற்சிகளை விடாமல் செய்தால் தளர்ந்த மார்பகம் இறுகிவிடும் என்கிறார் பயிற்சியாளர். உண்மையா? இன்னொன்று, மாதவிடாய்க்குச் சில நாள் முன்பு இரண்டு அக்குளை ஒட்டியும் லேசாகத் தடித்து வலிக்கிறது, அப்புறம் தானாகப் போய்விடுகிறது. தசைப்பிடிப்பு என்று நினைத்தேன். நெறி கட்டியிருக்கிறது என்கிறாள் அக்கா. என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

பயிற்சியில் இறுகுவது மார்புத் தசை. மார்பகம் வேறு. காம்பிலும் அதைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் இருக்கும் மெல்லிய தசைநார்களை விட்டால் மார்பகத்துக்குள் சொல்லும்படியான தசை கிடையாது. அந்த நார்களும் குளிருக்கோ தொடுதலுக்கோ தானாகச் சுருங்குபவை, பயிற்சிக்குக் கட்டுப்படாதவை.

ஒரு கையை இடுப்பில் வைத்து நன்றாக அழுத்துங்கள். மறு கையால் அக்குளின் முன்மடிப்பைப் பிடித்துப் பாருங்கள். அங்கே விறைத்துக்கொண்டு நிற்கிறதே, அதுதான் பெரிய மார்புத் தசை. காறை எலும்பு, நடுநெஞ்செலும்பு, விலாக் குருத்தெலும்புகள் என்று அகலமாகத் தொடங்கி, மேல்கை எலும்பில் போய்க் குறுகி ஒட்டுகிறது. கையை உடலோடு சேர்ப்பதும் உள்பக்கமாகத் திருப்புவதும் இதன் வேலை. இதற்கும் அடியில் சிறிய மார்புத் தசை ஒன்று உண்டு, வெளியிலிருந்து தெரியாது.

மார்பகம் 2-வது விலா எலும்பிலிருந்து 6-வது வரை, பெரும்பகுதி இந்தப் பெரிய தசையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் தளர்வான ஓர் இடைவெளி இருப்பதால் தசைமேல் வழுக்கி நகர முடிகிறது. கட்டியோடு வருபவரை டாக்டர் இடுப்பில் கைவைத்து அழுத்தச் சொல்வதும் இதற்காகத்தான். தசை விறைக்கும்போது கட்டியின் அசைவு குறைந்தால், அது அடியிலுள்ள தசையைப் பற்றியிருக்கலாம்.

சரி, மார்பகத்தைத் தாங்குவது எது? மேலே தோல், உள்ளே தோலிலிருந்து ஆழத்துக்கு ஓடும் நார்ப்பட்டைகள். லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840-ல் வெளியிட்ட நூலில் இவற்றை விவரித்தார், இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகின்றன. வயது, கர்ப்பம், எடை ஏறி இறங்குவது எல்லாம் சேர்ந்து இவற்றை நெகிழ வைக்கும். எத்தனை புஷ்-அப் எடுத்தாலும் நெகிழ்ந்தது பழையபடி இறுகாது. அடியில் தசை தடித்தால் மார்பு கொஞ்சம் எடுப்பாகத் தெரியலாம், அவ்வளவுதான். (புற்றுக்கட்டி இந்தப் பட்டைகளை உள்ளே இழுக்கும்போதுதான் தோலில் குழி விழுகிறது. கண்ணாடி முன் நின்று பார்க்கும்போது அதைத் தேடுங்கள்.)

மிச்சமெல்லாம் கொழுப்பும், திராட்சைக் கொத்து மாதிரி நாளங்களில் தொங்கும் பால் சுரப்பிகளும். அளவைப் பெரும்பாலும் கொழுப்பே தீர்மானிக்கிறது. சிறிய மார்பகத்தில் பால் ஊறாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை என்ன செய்வது!

இனி உங்கள் அக்குள். மார்பகம் வட்டத்தோடு முடிவதில்லை. மேல் வெளிமூலையிலிருந்து வால் போன்ற ஒரு பகுதி அக்குளுக்குள் நீள்கிறது. அதுவும் சுரப்பித் திசுதான், எனவே மாதவிடாய்க்கு முன் மற்ற பகுதியைப் போல அதுவும் ஹார்மோனுக்குத் தடித்து வலிக்கும். இருபக்கமும் வந்து தானாக வடிவதால் உங்களுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அக்கா சொன்னதையும் தள்ளிவிட முடியாது. நெறி கட்டுவது என்றால் நிணநீர் (திசுக்களிலிருந்து வடியும் நீர்) போய்ச் சேரும் முடிச்சுகள் வீங்குவது. மார்பகத்தின் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அக்குள் முடிச்சுகளுக்குத்தான் போகிறது, மார்பகப் புற்று பெரும்பாலும் முதலில் பரவுவதும் அங்கேதான். அதனால் கையால் தடவிப் பார்க்கும்போது அக்குள்வரை போங்கள், மாதவிடாய் முடிந்த சில நாட்களில் பார்ப்பது நல்லது.

அப்போதும் தடிப்பு வடியாமல் இருந்தாலோ, ஒரே பக்கம் கெட்டியாக ஏதாவது நிரடினாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கடிதத்தை வைத்து நான் அதற்குமேல் சொல்ல முடியாது. ஜிம்மை நிறுத்த வேண்டாம், அளவாகப் பொருந்தும் ஸ்போர்ட்ஸ் பிரா மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.