எரியாமல் நின்ற வீட்டுக்கு எப்போது திரும்பலாம்?

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஆல்டடீனாவில் எங்கள் வீடு. 2025 ஜனவரியில் வந்த ஈட்டன் காட்டுத்தீயில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் போய்விட்டன. எங்களுடையது நிற்கிறது. ஊரிலிருந்து பேசுகிறவர்கள் எல்லாம் "சாமி புண்ணியத்துல தப்பிச்சீங்க" என்கிறார்கள். ஆனால் கதவைத் திறந்தாலே நெடி தூக்குகிறது, ஜன்னல் ஓரமெல்லாம் கருந்தூள். ஆள் வைத்துத் துடைத்தால் போதும் என்கிறார் காப்பீட்டுக்காரர். மகளுக்கு 2 வயது, மாமியாருக்கு ஆஸ்துமா. எப்போது குடிபோகலாம்? சமையல் சாமான், பட்டுப்புடவை, கொல்லைக் கறிவேப்பிலை, இதில் எதை வைத்துக்கொள்வது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கருந்தூளை இப்போதைக்குத் துடைக்காதீர்கள். உங்கள் வீட்டுக்குள் என்ன வந்திருக்கிறது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

காட்டில் மரம் எரிந்து வரும் புகை வேறு, ஊர் எரிந்து வரும் புகை வேறு. ஈட்டன் தீயில் 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. அதே ஜனவரி 7-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸின் கடலோரப் பகுதியான பசிபிக் பாலிசேட்ஸில் பிடித்த தீயையும் சேர்த்தால் 16,000-ஐத் தாண்டும். கார், மெத்தை, பெயின்ட், டிவி, பிளாஸ்டிக் குழாய், லித்தியம் பேட்டரி எல்லாம் சேர்ந்து எரிந்த புகை அது. ஆல்டடீனா பழைய ஊர் வேறு. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்ததே 1978-இல்தான். அங்கே பெரும்பாலான வீடுகள் அதற்கு முன்பே கட்டியவை. எனவே அந்தச் சாம்பலில் ஈயமும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழையும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அது எப்படி உள்ளே வந்தது? இரண்டு ஆண்டு நல்ல மழையில் மலைச்சரிவில் புதர் மண்டியது. அதன்பின் எட்டு மாதம் மழை இல்லை என்றே சொல்லலாம். காய்ந்து கிடந்த அந்தப் புதரின் மேல் பாலைவனப் பக்கமிருந்து வீசும் சான்டா ஆனா என்ற வறண்ட காற்று சூறாவளி வேகத்தில் இறங்கியது. அந்தக் காற்றில் தீ நெருப்புக் கங்குகளாகப் பறந்து, பரண் காற்றுத்துளை வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வீட்டுக்குள் நுழையும். ஒரு வீடு பற்றிக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு அதுவே விறகு. உங்கள் வீட்டுக்குக் கங்கு வரவில்லை. ஆனால் புகையும் தூளும் அதே துளைகள் வழியாகத்தான் வந்திருக்கின்றன. ஆகவே ஜன்னல் ஓரத்தைவிடப் பரணையும் ஏசி குழாயையும் நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 30-இல் கொலராடோவின் மார்ஷல் தீ சில மணி நேரத்தில் 1,084 வீடுகளை எரித்தது. எரியாமல் நின்ற வீடுகளை ஆய்வாளர்கள் கருவி வைத்து அளந்தார்கள். சுவரும் மரச்சாமானும் உறிஞ்சி வைத்திருந்த வேதிவாயுக்கள் வாரக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தன. அத்தகைய வீடுகளில் வசித்தவர்களிடம் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வலி, வறட்டு இருமல் என ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள். நெடியை நீங்கள் பெரிதுபடுத்துவதாக யாராவது சொன்னால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். வீட்டுத் தூசியிலும் காற்றிலும் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கும், சான்று பெற்ற சுகாதாரப் பரிசோதகர் (இண்டஸ்ட்ரியல் ஹைஜீனிஸ்ட்) ஒருவரை அழைத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். கரி, புகைக்கரி, சாம்பல் என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகிற பரிசோதனை உங்களுக்குப் போதாது. ஈயம், கல்நார், மற்ற கன உலோகங்கள் எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பையும் எழுத்திலேயே வாங்கி, மாநிலக் காப்பீட்டுத் துறையில் புகார் கொடுங்கள். புகைச்சேதமும் சேதம்தான், சரியாக ஆராயாமல் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று அத்துறை 2025 மார்ச்சிலேயே நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. விடுதி ரசீது, வாடகை ரசீது எதையும் தொலைக்காதீர்கள். ஒரு தலையணையைக்கூடப் படம் எடுத்து, பட்டியலில் எழுதிய பிறகே தூக்கிப் போடுங்கள்.

பரிசோதனை முடிந்த பின்பே சுத்தம். துடைப்பத்தைத் தொடவே கூடாது. சாதாரண வேக்யூம் நுண்தூளை மறுபடி காற்றில்தான் விடும். நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்யூமை மட்டும் பயன்படுத்தி, மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைக்க வேண்டும். துடைக்கிறவர் என்95 முகக்கவசமும் கையுறையும் போட வேண்டும். அந்த நாட்களில் மகளும் மாமியாரும் அந்தப் பக்கமே வர வேண்டாம். பரணில் உள்ள பஞ்சுக் காப்பில் தூள் படிந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். ஏசி குழாயைச் சுத்தம் செய்து, நுண்தூளைப் பிடிக்கும் மெர்வ் 13 தர வடிகட்டி போடும்வரை ஏசியை ஓட்டாதீர்கள். ஓசோன் கருவியால் நெடியை எடுத்துத் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். ஆஸ்துமாக்காரர் வீட்டில் ஓசோன் இன்னொரு நஞ்சு. வாயுக்களைக் குறைக்கக் கரிவடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும், ஆனால் ஓடும் நேரம் மட்டும்தான்.

சமையலறை பற்றி வருத்தப்பட வேண்டாம். எவர்சில்வர், பித்தளை, வெண்கலம், ஆட்டுக்கல், கிரைண்டர் கல் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் வைத்துக்கொள்ளலாம். இறுக மூடிய டப்பாவில் இருந்த அரிசி பருப்பும் தப்பும், டப்பாவின் வெளிப்பக்கத்தைக் கழுவிவிட்டுத் திறங்கள். மூடாமல் இருந்த மளிகை, கரண்ட் போன ஃபிரிட்ஜில் இருந்தவை, மரக்கரண்டி, ஸ்பாஞ்ச் எல்லாம் போகட்டும். மெத்தை, தலையணை, மகளின் பஞ்சுப் பொம்மைகளும் போகட்டும். குழந்தை வாயில் வைப்பவை அவை, அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பட்டுப்புடவைகளை நீங்களே நனைக்காமல், புகை படிந்த துணியைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பீரோவுக்குள் இருந்தவை பெரும்பாலும் மீளும்.

தண்ணீர். தீயின்போது குழாயில் அழுத்தம் போனால் புகையும் நஞ்சும் உள்ளே இழுக்கப்படும். கலிபோர்னியாவிலேயே தீயில் எரிந்த ஊர்களான சான்டா ரோசாவிலும் (2017) பாரடைஸிலும் (2018) குடிநீரில் பென்சீன் என்ற புற்றுநோய் தரும் வேதிப்பொருள் கிடைத்தது. ஆல்டடீனாவிலும் கிடைத்து, குடிக்கக் கூடாதென்ற எச்சரிக்கை இருந்தது. எச்சரிக்கை விலக்கப்பட்டாலும், அதற்காகத் தண்ணீர் நிறுவனம் செய்யும் சோதனை தெருக்குழாயோடு சரி. உங்கள் வீட்டுக் குழாய்களைத் திறந்துவிட்டு நன்றாக ஓட்டி, எல்லா வடிகட்டியையும் மாற்றி, சமையலறைக் குழாய்த் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். கலிபோர்னியாவின் வரம்பு, நூறு கோடிப் பங்கு தண்ணீரில் 1 பங்கு பென்சீன். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று ஊரில் சொல்வார்கள். பென்சீன் உள்ள தண்ணீரைக் காய்ச்சினால் அது ஆவியாகி அடுப்படிக் காற்றில்தான் கலக்கும்.

கறிவேப்பிலை மரத்தை வெட்டாதீர்கள். படிந்த தூளைக் கழுவிவிட்டு, இப்போதுள்ள இலைகளை உருவி எறியுங்கள், புதுத் துளிர் வரட்டும். மண்ணைப் பரிசோதிக்கும்வரை அதையும் பறிக்க வேண்டாம். வீட்டு மண்ணில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் ஈயம் என்பது கலிபோர்னியா வைத்திருக்கும் எச்சரிக்கை அளவு. அதற்கு மேல் போனால் கீரை, முள்ளங்கி எதுவும் அந்த மண்ணில் வேண்டாம். புது மண் நிரப்பிய உயரப் பாத்தியில் போடலாம். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கத்தை விருந்தாளிக்கும் தளர்த்தாதீர்கள். தெருவிலிருந்து ஈயத்தூள் வீட்டுக்குள் வருவதே காலோடுதான்.

எப்போது குடிபோகலாம் என்று தேதி சொல்ல என்னால் முடியாது, வரிசை சொல்ல முடியும். சுத்தம் செய்தபின் மறுபரிசோதனை நல்லபடி வர வேண்டும், தண்ணீர்ச் சோதனையும் வர வேண்டும், அக்கம்பக்கத்து மனைகளில் இடிபாடு அள்ளி முடித்திருக்க வேண்டும். அள்ளும்போது தூள் மறுபடி எழும், இரண்டாம் முறை சுத்தம் செய்ய நேரலாம். அதன்பின் நீங்களும் கணவரும் சில நாள் தங்கிப் பாருங்கள். தலைவலி, தொண்டைக் கரகரப்பு இல்லையென்றால் மாமியாரைக் கூப்பிடுங்கள், மகள் கடைசியில். அதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் சொல்லி அவளுக்கு இரத்தத்தில் ஈய அளவு பார்த்துவிடுங்கள். ஆட்கள் பரணில் இருக்கும்போதே காற்றுத்துளைகளுக்கு எட்டில் ஒரு அங்குலக் கண்ணுள்ள உலோக வலையும் போடச் சொல்லுங்கள்.