ஒரு க்ளெய்ம்கூட இல்லை, கார் இன்சூரன்ஸ் பிரீமியம் மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சொந்தக் கார் ஓட்டுகிறேன். இதுவரை ஒரு க்ளெய்ம்கூட வாங்கியதில்லை. அப்படியும் இந்த முறை பாலிசியைப் புதுப்பிக்கப் போனால் பிரீமியம் கூடியிருக்கிறது. என்னோடு வேலை பார்ப்பவர் என்னுடையதைவிட விலை உயர்ந்த கார் வைத்திருக்கிறார். அவர் கட்டுவதோ என்னைவிடக் குறைவு. எதை வைத்து இதை முடிவு செய்கிறார்கள்? நான் என்ன செய்தால் குறையும்?

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஒழுங்காக ஓட்டுகிறவருக்குக் கட்டணம் குறையத்தானே வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உங்களைத் தனி ஆளாகத் தெரியாது. உங்கள் வயது, உங்கள் மாடல் கார், உங்கள் பகுதி, ஏறக்குறைய உங்கள் அளவு ஓட்டம் என்று ஒத்துப்போகிற ஆயிரக்கணக்கானவர்களை ஒரு குழுவாக வைத்துத்தான் அது கணக்குப் போடுகிறது. அந்தக் குழுவுக்கு அடுத்த ஓராண்டில் எவ்வளவு க்ளெய்ம் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டு, அதைப் பங்கு பிரிக்கும். அதன்மேல் நிர்வாகச் செலவு, கமிஷன், மறுகாப்பீட்டுக்கு (கம்பெனி தனக்கே எடுக்கும் இன்சூரன்ஸுக்கு) கட்டும் தொகை, வரி, லாபம் எல்லாம் ஏறி வருவதுதான் உங்கள் பிரீமியம். நீங்கள் கவனமாக ஓட்டுவதற்கு அதில் ஒரு தள்ளுபடி உண்டு. அந்தத் தள்ளுபடி அப்படியே இருக்கும்போதே அடிப்படைத் தொகை ஏறிவிட்டால், மொத்தம் ஏறத்தான் செய்யும்.

2021-க்குப் பிறகு பல நாடுகளில் நடந்தது இதுதான். உதிரி பாகங்களின் விலையும் மெக்கானிக் கூலியும் கூடின. பழைய கார்களின் சந்தை விலை கூடியதால், முழுவதும் சேதமான அல்லது திருடுபோன காருக்குக் கொடுக்க வேண்டிய தொகையும் கூடியது. மருத்துவச் செலவும் வழக்குச் செலவும் ஏறின. விபத்தே பார்க்காதவர்களின் பிரீமியமும் இதனால்தான் கூடியது.

அடுத்தது கார். விலை உயர்ந்த காருக்கு பிரீமியமும் அதிகம் என்பது பாதி உண்மைதான். கம்பெனி பார்ப்பது, இந்த மாடல் எவ்வளவு அடிக்கடி அடிபடுகிறது, அடிபட்டால் சரிசெய்ய எவ்வளவு ஆகும், எவ்வளவு எளிதாகத் திருடலாம், எதிரில் வருபவருக்கு எவ்வளவு சேதம் விளைவிக்கும் என்பதையெல்லாம். பிரிட்டனில் நெடுங்காலமாக ஒவ்வொரு மாடலையும் 1 முதல் 50 வரை ஏதாவது ஒரு குழுவில் வைத்தே பிரீமியம் போட்டு வந்தார்கள். விலை கொஞ்சம் கூடுதலானாலும் பாகங்கள் எங்கும் கிடைக்கிற, எந்த ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்க்கக்கூடிய குடும்பக் கார், விலை குறைந்த ஆனால் வேகத்துக்குப் பெயர்போன சிறிய காரைவிடக் கீழ்க் குழுவில் வருவது அங்கே சகஜம்.

ஒரு பம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காரில் அது வெறும் பிளாஸ்டிக். கழற்றி, புதியதை மாட்டி, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. இன்றைய கார்களில் அதற்குள் பார்க்கிங் சென்சார்கள் இருக்கின்றன, சிலவற்றில் ராடாரும் இருக்கிறது. முன்கண்ணாடியின் மேற்புறம் ஒரு கேமரா இருக்கும். கண்ணாடியை மாற்றினால் அந்தக் கேமராவின் பார்வைக் கோணத்தை மறுபடி சரிபார்த்து அமைக்க வேண்டும். அதற்குத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் தேவை. பில் ஏறுவது இங்கேதான். அதே சமயம், தானாக பிரேக் பிடிக்கும் வசதி உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியில் மோதும் விபத்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைகின்றன என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. ஆக, அதே தொழில்நுட்பம் விபத்துகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறது, நடக்கும் விபத்தின் செலவைக் கூட்டுகிறது. பிரீமியத்தில் எது ஜெயிக்கும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். மின்சாரக் கார்களிலும் இதே இழுபறிதான். பேட்டரியில் லேசாக அடிபட்டாலும் அதைத் திறந்து பார்த்துச் சரிசெய்ய ஆள் இல்லாத இடங்களில், மொத்தக் காரையும் கழிக்க வேண்டிய நிலை வருகிறது.

திருட்டு எவ்வளவு தூரம் பாதிக்கும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே சாட்சி. இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜின் இயங்காதபடி தடுக்கும் கருவி) இல்லாமல் விற்கப்பட்ட சில ஹூண்டாய், கியா மாடல்களை எப்படித் திருடுவது என்று காட்டும் வீடியோக்கள் 2021, 2022-இல் சமூக ஊடகங்களில் பரவின. திருட்டு பல மடங்கானது. சில இன்சூரன்ஸ் கம்பெனிகள் சில இடங்களில் அந்த மாடல்களுக்குப் புதிய பாலிசி கொடுப்பதையே நிறுத்திவிட்டன. அந்தக் காரை வைத்திருந்தவர்கள் செய்த தவறு என்று ஒன்றுமே இல்லை. கார் வாங்கும் முன்பே இரண்டு மூன்று மாடல்களுக்கும் பிரீமியம் கேட்டுப் பார்த்துவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதற்காகத்தான். வாங்கிய பிறகு இதில் செய்வதற்கு அதிகம் இல்லை. நிறத்தைப் பற்றி மட்டும் கவலை வேண்டாம். சிவப்புக் காருக்கு பிரீமியம் அதிகம் என்று பரவலாகச் சொல்கிறார்கள், அது வெறும் பேச்சு.

ஓட்டுநரைப் பொறுத்தவரை, வயதும் அனுபவமும் மிகப் பெரிய காரணங்கள். லைசென்ஸ் வாங்கிய முதல் சில ஆண்டுகளில் விபத்து அதிகம். அதிலும் இளம் வயது, இரவு நேரம், கார் நிறைய நண்பர்கள் என்று சேர்ந்தால் இன்னும் அதிகம். அப்புறம் வேக மீறல், குடித்துவிட்டு ஓட்டியது போன்ற பதிவுகள். இவை பல ஆண்டுகளுக்குக் கூடவே வரும்.

மற்ற தனிப்பட்ட விவரங்களை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2011 மார்ச்சில் கொடுத்த தீர்ப்பால், 2012 டிசம்பர் 21 முதல் அங்கே ஆண், பெண் என்று பார்த்து பிரீமியம் போட முடியாது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒருவர் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதும் கணக்கில் வருகிறது. கலிஃபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் மாநிலங்களில் அதற்கு இடமில்லை. கலிஃபோர்னியாவில் 1988-இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த சட்டம், ஓட்டிய வரலாறு, ஆண்டு ஓட்டம், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுக்கும்தான் முதலிடம் தர வேண்டும் என்கிறது. எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். ஒருவர் எப்படி ஓட்டுகிறார், எவ்வளவு ஓட்டுகிறார் என்பதற்குப் பணம் கேட்கலாம். அவர் வறுமையில் இருப்பதற்காகக் கூடுதல் பணம் கேட்பது சரியில்லை. இந்தியாவில் வேறு மாதிரி. நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் காயத்துக்கும் சேதத்துக்குமான தேர்டு பார்ட்டி பகுதியின் தொகையை இன்ஜின் சிசி-யை வைத்து அரசே நிர்ணயிக்கிறது. நம் காருக்கு ஆகும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் வரும்.

இடமும் முக்கியம். நெரிசலான ஊரில் சின்னச் சின்ன உரசல்கள் அதிகம். வெள்ளம் வரும் பகுதி, கார் திருட்டு அதிகமுள்ள பகுதி என்றால் தொகை ஏறும். இரவில் கார் தெருவில் நிற்கிறதா, பூட்டிய ஷெட்டில் நிற்கிறதா என்று கேட்பதும் இதற்காகத்தான்.

உங்களோடு வேலை பார்ப்பவர் குறைவாகக் கட்டுவதற்கு இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள். இருவரும் ஒரே பாதுகாப்பைத்தான் வாங்கியிருக்கிறீர்களா? அவருடையது தேர்டு பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியாக இருக்கலாம். காரின் காப்பீட்டு மதிப்பை (கார் திருடுபோனால் கம்பெனி தரும் உச்சத் தொகையை) குறைத்துப் போட்டிருக்கலாம். தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் ஆட்-ஆனை (கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பாதுகாப்பை) அவர் எடுக்காமல் இருக்கலாம். இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இரண்டு பிரீமியத் தொகைகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது?

முதலில் டிடக்டிபிள். ஒவ்வொரு க்ளெய்மிலும் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை அது. அதை நீங்களே கூட்டிக்கொள்ள முன்வந்தால் பிரீமியம் குறையும். ஆனால் நாளைக்கே விபத்து நடந்தால் அந்தத் தொகையைக் கடன் வாங்காமல் எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் கூட்டுங்கள், முடியாதென்றால் தொடாதீர்கள்.

இரண்டாவது, சின்னச் சேதத்துக்கு க்ளெய்ம் போடுவதா வேண்டாமா என்பது. பலர் பணத்தை விடுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்தியாவில் க்ளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் ஓன் டேமேஜ் பகுதிக்கு மட்டும் உண்டு. க்ளெய்ம் இல்லாத முதல் ஆண்டுக்கு 20 விழுக்காடு, பிறகு 25, 35, 45, கடைசியாக 50 என்று ஏறும். க்ளெய்ம் போட்டால் பொதுவாக மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். போனஸ் கழிக்கும் முன் ஓன் டேமேஜ் பிரீமியம் 100 என்று வைப்போம். 50 விழுக்காடு போனஸ் உள்ளவர் 50 கட்டுகிறார். அவர் ஒரு க்ளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் 100, பிறகு வரிசையாக 80, 75, 65, 55 என்று கட்டி, ஆறாவது புதுப்பித்தலில்தான் 50-க்குத் திரும்புவார். ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டியது 50, 30, 25, 15, 5. மொத்தம் 125. கார் பழசாக ஆக அடிப்படைத் தொகை குறையும் என்பதால் உண்மையில் இது கொஞ்சம் குறைவாக இருக்கும். இருந்தாலும், டிடக்டிபிளைக் கழித்தபின் கம்பெனி உங்களுக்குத் தரப்போவது 60 அல்லது 70 என்றால், அந்த க்ளெய்ம் நஷ்டம்தான். கதவில் ஒரு கீறல், உடைந்த ஒரு டெயில் லேம்ப் எல்லாம் பெரும்பாலும் இந்த ரகத்தில் வரும். போனஸுக்குப் பாதுகாப்புத் தரும் ஆட்-ஆன் இருந்தால் கணக்கு மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரான்ஸில் முறை வேறு. தவறில்லாத ஒவ்வோர் ஆண்டுக்கும் உங்கள் குணகம் (அடிப்படை பிரீமியத்தைப் பெருக்கும் எண்) 0.95-ஆல் பெருக்கப்படும், 0.50-க்குக் கீழே இறங்காது. உங்கள் தவறால் விபத்து நடந்தால் 1.25-ஆல் பெருக்குவார்கள். உங்கள் நாட்டில் எந்த முறை இருந்தாலும், க்ளெய்ம் படிவத்தை நிரப்பும் முன் இப்படி ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஆனால் யாருக்காவது காயம் பட்டிருந்தாலோ, அடுத்தவர் வண்டியோ சொத்தோ சேதமாகியிருந்தாலோ இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். உடனே கம்பெனிக்குத் தெரிவித்துவிடுங்கள். க்ளெய்ம் கேட்காவிட்டாலும் எந்த விபத்தையும் தெரிவித்தாக வேண்டும் என்று சில பாலிசிகளில் நிபந்தனை இருக்கும், அதையும் படித்துப் பாருங்கள்.

மூன்றாவது, ஓட்டம். வீட்டிலிருந்தே வேலை என்று மாறிவிட்டீர்களா? ஆண்டு ஓட்டம் குறைந்திருந்தால் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பப் பணம் கட்டும் பாலிசிகளும், ஆப் அல்லது சிறு கருவி வழியாக நீங்கள் பிரேக் பிடிப்பது, வேகம், வளைவில் திருப்புவது, இரவு ஓட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்து தள்ளுபடி தரும் டெலிமேட்டிக்ஸ் பாலிசிகளும் பல நாடுகளில் இருக்கின்றன. நிதானமாக ஓட்டுகிறவருக்கு, முக்கியமாகப் புதிதாக ஓட்டும் பிள்ளைகளுக்கு, இது நல்ல வழி. சேரும் முன் ஒன்று கேளுங்கள்: மதிப்பெண் குறைந்தால் பிரீமியம் ஏறுமா, பதிவான தகவல் வேறு யாருக்காவது போகுமா?

நான்காவது, சுற்றி விசாரிப்பது. பழைய வாடிக்கையாளரிடம் புதியவரைவிட அதிகம் வாங்கும் பழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. பிரிட்டனின் நிதிக் கட்டுப்பாட்டு ஆணையம் 2022 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை போட்டது. அப்படித் தடை இல்லாத இடங்களில், வந்த புதுப்பித்தல் நோட்டீஸை அப்படியே கட்டிவிடாதீர்கள். அதே காப்பீட்டு மதிப்பு, அதே டிடக்டிபிள், அதே ஆட்-ஆன்கள் வைத்து வேறு சில கம்பெனிகளிடம் தொகை கேட்டு, பிறகு உங்கள் கம்பெனியிடமே பேசுங்கள். பலமுறை குறைத்துத் தருவார்கள். தவணையில் கட்டினால் வட்டி சேரும் என்பதால், முடிந்தால் மொத்தமாகக் கட்டுங்கள். பாலிசி காலாவதியாகி இடைவெளி விழ விடாதீர்கள். இந்தியாவில் 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் சேர்ந்த போனஸ் முழுவதும் போய்விடும்.

செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. மகன் அன்றாடம் ஓட்டும் காருக்கு, பிரீமியம் குறையும் என்று அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது, வாடகைக்கு ஓடும் காரைச் சொந்தப் பயன்பாடு என்று எழுதுவது, கார் நிற்கும் இடத்தை மாற்றிச் சொல்வது, காரை எரிவாயுவில் ஓட்ட வெளியே போட்ட கேஸ் கிட்டைச் சொல்லாமல் விடுவது. பிரீமியம் கட்டும்போது யாரும் சரிபார்க்க மாட்டார்கள். பெரிய விபத்து நடந்து சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து விசாரிக்கும்போதுதான் வெளிவரும். அன்றைக்கு க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டால், இத்தனை ஆண்டுகள் மிச்சம் பிடித்தது ஒரு மூலைக்கும் வராது. காப்பீட்டு மதிப்பைச் சந்தை விலைக்கு மிகக் கீழே இறக்குவதும் ஏறக்குறைய இதே மாதிரிதான். கார் திருடுபோனால் அந்தக் குறைந்த தொகைதான் கைக்கு வரும்.

இந்த முறை நீங்கள் செய்ய வேண்டியது இது. பழைய பாலிசியையும் புதிய நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓன் டேமேஜ், தேர்டு பார்ட்டி, ஆட்-ஆன்கள், போனஸ், வரி என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஏறியது எதில் என்று தெரிந்துவிடும். போனஸ் விழுக்காடு சரியாக ஏறியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கம்பெனி மாறும்போது அது விட்டுப்போவது உண்டு. விட்டுப்போயிருந்தால் பழைய கம்பெனியிடமிருந்து போனஸ் சான்றை வாங்கிக் கொடுத்தால் சரிசெய்வார்கள். முகவரி, ஓட்டம், ஓட்டுநர் யார் என்பதில் எது மாறியிருந்தாலும் போனில் சொல்லி விட்டுவிடாமல் மின்னஞ்சலில் எழுதுங்கள். பாலிசியில் அந்தத் திருத்தம் ஏறி வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.