மாடியில் படியும் கரியும் மகளின் வீசிங்கும்

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். 8 வயது மகளுக்கு இரண்டு ஆண்டுகளாக வீசிங். மொட்டைமாடியில் துணி உலர்த்தினால் கரி படிகிறது. 2070-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகரப் பூஜ்ஜியமாக்க (வெளியேற்றும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாக) இந்தியா இலக்கு வைத்திருக்கிறதாம். அதனால் என் மகளுக்கு என்ன பலன், டாக்டர்? வீட்டை மாற்றிவிடலாமா?

பதில்: உங்கள் மகளின் மூச்சை இறுக்குவது கார்பன் டை ஆக்சைடு அல்ல. வெளிக்காற்றில் உள்ள அளவில் அது நுரையீரலை ஒன்றும் செய்யாது. ஆனால் அது தனியாக வருவதில்லை. துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் எரிக்கும் அதே டீசலிலிருந்துதான் கரித்துகளும் நைட்ரஜன் டை ஆக்சைடும் கிளம்புகின்றன. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையங்களில் எரியும் நிலக்கரியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு, காற்றில் மிதக்கும்போதே நுண்துகளாக மாறிவிடுகிறது. துணியில் நீங்கள் பார்க்கும் கரி பெரும்பாலும் பெருந்துகள்; மூக்கோடு நின்றுவிடும். துணியில் தெரியாத, 2.5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியதைத்தான் நான் அஞ்சுகிறேன். அது நுரையீரலின் நுண்ணிய காற்றறை வரை இறங்கும்.

2070 என்றதும் மலைத்துவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு வானில் நூற்றாண்டுக் கணக்கில் தங்கும். நுண்துகளின் ஆயுளோ சில நாட்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரம். போகியன்று மூச்சுமுட்டும் சென்னை, புகை நின்று காற்று வீசியதும் தெளிவதை ஆண்டுதோறும் பார்க்கிறோமே! எரிப்பது குறைந்தால் பூமி குளிர்வதற்கு வெகுகாலம் முன்பே உங்கள் தெருவில் மூச்சு இலகுவாகும்.

2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. அவற்றுக்குப் புகைக்குழாய் இல்லை. ஆனால் அந்த மின்சாரம் நிலக்கரியில் பிறந்தால், புகை சாலையை விட்டுப் புகைபோக்கிக்குப் போகிறது, அவ்வளவுதான். வடசென்னைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. டயர் தேய்மானமும் சாலைப் புழுதியும் எப்படியும் இருக்கும். கார்பன் குறைகிறது என்றாலே காற்றும் சுத்தமாகும் என்றும் நம்பிவிட முடியாது. கார்பன் குறைவு என்று சொல்லி டீசல் கார்களை வளர்த்த ஐரோப்பிய நகரங்கள், பிறகு நைட்ரஜன் டை ஆக்சைடோடு மல்லுக்கட்டின.

வீடு மாற அவசரப்பட வேண்டாம். லாரி போகும் சாலையைப் பார்த்த ஜன்னல் என்றால், படுக்கையைப் பின்னறைக்கு மாற்றுங்கள். கொசுவத்தியையும் சாம்பிராணியையும் நிறுத்துங்கள். வெளிப்புகையைத் திட்டிக்கொண்டே வீட்டுக்குள் புகை போடும் பெற்றோரை வாரந்தோறும் பார்க்கிறேன். தினசரி இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால், 'பழகிவிடும்' என்று பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வைத்தே கொடுங்கள்.

மூச்சு வாங்கும்போது விலா எலும்பிடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேச முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.